சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இந்தப் படிப்பைப் படித்துவிட்டு, பல வருடங்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை வடிவமைக்கும் வேலையில் இருந்தவன். தெரிந்தவர்களின் பிள்ளைகள் கல்லூரியில் சேரும் பருவம் வந்துவிட்டால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். பிள்ளைகள் கேட்பதும் பெற்றோர் கேட்பதும் வருடா வருடம் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். அவற்றை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பாடத்திட்டம் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். அடிப்படைப் பாடங்கள் எங்கேயும் ஒன்றுதான்.

இது மரம் நடுகிற படிப்பா?

இல்லை. மரம் நடுவது நல்ல காரியம், அதற்குப் பட்டம் வேண்டியதில்லை. இந்தப் படிப்பில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது குழாய், தொட்டி, பம்ப், கசடு, புகைபோக்கி, குப்பைமேடு. குடிதண்ணீரைச் சுத்தம் செய்வது, சாக்கடைத் தண்ணீரை ஆற்றில் விடும் அளவுக்குத் தேற்றுவது, ஆலைப் புகையில் இருந்து தூசியையும் வாயுவையும் பிடிப்பது, குப்பையின் சாறு நிலத்தடி நீரில் இறங்காமல் தடுப்பது, ஏற்கெனவே கெட்டுப்போன மண்ணை மீட்பது என்று பாடங்கள் போகும். இயற்கையின் மேல் பிரியம் இருப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் பிரியத்தை மட்டும் நம்பிச் சேர்ந்தவர்கள் இரண்டாம் வருடம் பாய்ம இயக்கவியல் (தண்ணீரும் காற்றும் ஓடும் விதத்தைக் கணக்கிடும் பாடம்) வந்ததும் முழித்ததைப் பார்த்திருக்கிறேன். நானும் கொஞ்ச நாள் முழித்தேன்.

முழுப் படிப்பையும் ஒரே கேள்வியில் அடக்கச் சொன்னால், "சரி, அது அப்புறம் எங்கே போகிறது?" என்பேன். எந்த அழுக்கையும் நாம் இல்லாமல் ஆக்குவதில்லை. ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்கு, ஒரு வடிவத்தில் இருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றுகிறோம், அவ்வளவுதான். மாற்றிய பிறகு அது யாருக்கும் தொந்தரவாக இல்லை என்று காட்டுவதுதான் பொறியாளரின் வேலை.

புரியவில்லை, ஓர் உதாரணம் சொல்லுங்களேன்?

லண்டன் மாநகரத்தின் கழிவைப் பின்தொடர்ந்து போனால் போதும், துறையின் வரலாறே வந்துவிடும்.

1854-இல் அங்கே சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்தார். பெரும்பாலோர் பிராட் தெருவில் இருந்த ஒரே கைப்பம்பில் தண்ணீர் எடுத்தவர்கள் என்று தெரிந்தது. கெட்ட காற்றுதான் நோய்க்குக் காரணம் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்தில் கரையோரம் இருந்த நாடாளுமன்றமே திணறிப்போய், சாக்கடை கட்டப் பணம் ஒதுக்கியது. ஜோசப் பேசல்ஜெட் என்ற பொறியாளர் ஆற்றுக்கு இணையாகப் பெரிய சாக்கடைகளைக் கட்டி, கழிவை எல்லாம் நகரத்துக்குக் கிழக்கே கொண்டுபோய் ஆற்றில் விட்டார். நகரத்துக்குள் காலரா அடங்கிப்போனது. மகத்தான வேலை, சந்தேகமே இல்லை.

அப்புறம் எங்கே போனது? 1878-இல் பிரின்சஸ் ஆலிஸ் என்ற பயணிகள் கப்பல் அந்தச் சாக்கடை வாய்களுக்குப் பக்கத்தில் மோதி மூழ்கியது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் விழுந்தது ஆற்று நீரிலா சாக்கடையிலா என்பதே பெரிய பேச்சாயிற்று. அதற்குப் பிறகு கழிவைத் தொட்டியில் தேக்கி, கனமானதைப் படியவைத்துப் பிரித்தார்கள். படிந்த கசடை என்ன செய்வது? 1887 முதல் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டினார்கள். இது நூறு வருடத்துக்கு மேல் நடந்து, 1998-இல்தான் நின்றது. நின்றதும் அதே இடங்களில் கசடை எரிக்கும் உலைகள் வந்தன. இப்போது புகையைக் கழுவ வேண்டும், சாம்பலுக்கு இடம் தேட வேண்டும்.

தெருவில் இருந்து ஆறு, ஆற்றில் இருந்து கடல், கடலில் இருந்து காற்று. ஒவ்வொரு கட்டத்திலும் இருந்தவர்கள் முட்டாள்கள் இல்லை, கையில் இருந்த அறிவைக் கொண்டு அடுத்த படியைச் செய்தார்கள். வகுப்பில் நீங்கள் படிக்கப்போகும் நீர், காற்று, திடக்கழிவு என்ற மூன்று தாள்களும் இந்த ஒரே கதையின் துண்டுகள்தான். தனித்தனித் தாளாக நடத்துவதால் மாணவர்களுக்கு அது தெரியாமலே போய்விடுகிறது என்பது என் நெடுநாள் குறை.

சுற்றுச்சூழல் அறிவியலும் இதுவும் ஒன்றுதானே?

அக்கா தங்கை மாதிரி. முகம் ஒன்று போலிருக்கும், சுபாவம் வேறு. மீனில் பாதரசம் இருக்கிறதா, எவ்வளவு, அது மீனுக்கு எப்படி வந்தது என்று தேடுவது அறிவியல். ஆலைக் குழாயின் கடைசியில் என்ன கட்டினால் பாதரசம் வெளியே வராது, அதற்கு எவ்வளவு இடம், எவ்வளவு மின்சாரம், பிடித்த பாதரசத்தை எங்கே வைப்பது என்பது பொறியியல். கண்டுபிடிப்பதில் ஆசை அதிகமா, கட்டுவதில் ஆசை அதிகமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இரண்டிலும் ஆசை என்றால் பொறியியல் எடுங்கள். பொறியியலில் இருந்து அறிவியல் பக்கம் போவது, அங்கிருந்து இங்கே வருவதைவிடச் சுலபம்.

கணக்கு எவ்வளவு வேண்டும்?

பயப்படும் அளவுக்கு இல்லை, ஆனால் தப்பிக்கவும் முடியாது. முதல் வருடக் கணக்கு மற்ற பொறியியல் படிப்புகளைப் போலத்தான்: நுண்கணிதம், வகையீட்டுச் சமன்பாடுகள், புள்ளியியல்.

இந்தத் துறைக்கே உரிய கணக்கு ஒன்று உண்டு, மாஸ் பேலன்ஸ். கடைக்காரர் எழுதும் வரவு செலவுக் கணக்குத்தான் அது. உள்ளே வந்தது, வெளியே போனது, உள்ளே உண்டானது அல்லது அழிந்தது, மிச்சம் தங்கியது. ஓர் ஆறு விநாடிக்கு 10 கன மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் லிட்டருக்கு 2 மி.கி. கரிம அழுக்கு இருக்கிறது. விநாடிக்கு 1 கன மீட்டர் சாக்கடை வந்து கலக்கிறது. சுத்திகரிக்காத சாக்கடையில் 250 மி.கி. என்றால், கலந்த பிறகு ஆற்றில் லிட்டருக்கு 24.5 மி.கி. ஆகிவிடும். சுத்திகரித்து 30 மி.கி.க்குக் கொண்டுவந்து விட்டால் 4.5 மி.கி.தான். பள்ளிக்கூடப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. ஓர் ஆறு பிழைப்பதும் சாவதும் அதில் தெரிந்துவிடுகிறது.

இதில் நேரத்தையும் சேர்த்தால் வகையீட்டுச் சமன்பாடு வந்துவிடும். 1925-இல் ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் என்ற இருவர் ஒஹாயோ நதியை ஆராய்ந்து எழுதிய சமன்பாட்டை எல்லா மாணவரும் ஒரு முறையாவது தீர்த்தாக வேண்டும். நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும்போது தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் குறைகிறது. காற்றில் இருந்து புதிய ஆக்சிஜன் கரைந்து ஏறுகிறது. இரண்டும் போட்டி போடுவதால் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் இடம் சாக்கடை கலக்கும் இடமாக இருக்காது. பல மைல் தள்ளிக் கீழே இருக்கும். சாக்கடை வாயில் மீன் உயிரோடு துள்ளும், இரண்டு நாள் ஓட்டத்துக்குக் கீழே மிதக்கும். முதல் முறை இந்த வளைகோட்டை நானே வரைந்து பார்த்தபோதுதான் கணக்கின் மேல் எனக்கிருந்த மனத்தாங்கல் தீர்ந்தது.

புள்ளியியலை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். தேர்வில் அதற்கு மதிப்பெண் குறைவு, வேலையில் தினமும் அதுதான்.

வேதியியல், உயிரியல் இரண்டும் எனக்கு ஆகாதே?

ஒன்றாவது ஆக வேண்டும், இரண்டும் ஆனால் நல்லது. பள்ளியில் மனப்பாடம் செய்த வேதியியலை வைத்து முடிவு செய்யாதீர்கள். இங்கே அது வேறு ஆளாக வரும்.

கலங்கல் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். அமைதியாக நிற்கும் தண்ணீரில் 0.1 மி.மீ. மணல் துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறத்தாழ 2 நிமிடம் ஆகும். அதில் நூறில் ஒரு பங்கு விட்டமுள்ள களிமண் துகளுக்கு எவ்வளவு நேரம்? நூறு மடங்கு என்று தோன்றும். ஆனால் இறங்கும் வேகம் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பது ஸ்டோக்ஸ் விதி. அப்படியானால் பத்தாயிரம் மடங்கு. அதாவது 12 நாளுக்கு மேல். ஓர் ஊருக்கே தண்ணீர் தருகிற நிலையத்தில் 12 நாள் காத்திருக்க முடியுமா? அதனால்தான் படிகாரம் போடுகிறோம். களிமண் துகள்கள் எதிர்மின்னூட்டத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். படிகாரம் அந்தத் தள்ளலை அடக்குகிறது. மெதுவாகக் கலக்கிவிட்டால் துகள்கள் ஒட்டிப் பஞ்சு போலத் திரண்டு மளமளவென்று இறங்கும். இந்த ஒரே தொட்டியில் வேதியியலும் இயற்பியலும் கணக்கும் சேர்ந்து வேலை செய்கின்றன.

உயிரியலும் அப்படியே. 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இருவர் சாக்கடைத் தண்ணீரில் காற்றை ஊதிப் பார்த்தார்கள். சுத்தமாக வாரக்கணக்கில் ஆனது. அவர்கள் செய்த புத்திசாலித்தனம், அடியில் படிந்ததைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு அதன் மேலேயே புதிய சாக்கடையை ஊற்றியதுதான். வாரக்கணக்கில் ஆனது மணிக்கணக்கில் முடிந்தது. அந்தப் படிவு வெறும் அழுக்கு இல்லை, பழகிப்போன நுண்ணுயிர்க் கூட்டம். வீட்டில் புளித்த மாவை அடுத்த மாவுக்கு உறையாகப் போடுகிறவர்களுக்கு இது உடனே புரியும். உலகத்தின் பெருநகரங்களில் பெரும்பாலானவை இன்றும் இந்த முறையின் ஏதோ ஒரு வடிவத்தில்தான் தங்கள் கழிவுநீரைச் சுத்தம் செய்கின்றன.

ஆய்வகத்தில் என்ன செய்வோம்?

பொறுமையைப் பழகுவீர்கள். பிஓடி சோதனைதான் எல்லோருக்கும் அரிச்சுவடி. தண்ணீரில் உள்ள கரிம அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்பதே அந்த எண். 300 மில்லி கண்ணாடிப் புட்டியில் மாதிரியை நிரப்பி, மூடி, 20 டிகிரி செல்சியஸில் இருட்டில் 5 நாள் வைக்க வேண்டும். முதல் நாளும் ஐந்தாம் நாளும் கரைந்த ஆக்சிஜனை அளந்து கழிக்க வேண்டும். ஏன் 5 நாள்? பிரிட்டனில் இந்தச் சோதனை உருவானபோது, அங்குள்ள ஆறுகளின் தண்ணீர் கடலைச் சேர அதற்கு மேல் ஆகாது என்று வைத்தார்கள் எனச் சொல்வார்கள். ஒரு தீவின் ஆற்றுக்கு வைத்த கெடு இன்று உலகம் முழுக்க நடக்கிறது.

இதில் சூட்சுமம் என்னவென்றால், 20 டிகிரியில் தண்ணீரில் கரையக்கூடிய ஆக்சிஜனே லிட்டருக்கு 9 மி.கி. சொச்சம்தான். சாக்கடையின் தேவையோ 200, 300. அதனால் பல மடங்கு நீர்க்கச் செய்துதான் வைக்க வேண்டும். எத்தனை மடங்கு என்பதை முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். குறைவாக நீர்க்கச் செய்தால் ஐந்தாம் நாள் புட்டியில் ஆக்சிஜன் பூஜ்யம், உழைப்பும் பூஜ்யம்.

என் முதல் பிஓடி அதைவிடக் கேவலம். மூடிக்குக் கீழே ஒரு காற்றுக் குமிழி இருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்தக் குமிழி ஐந்து நாளும் உள்ளே ஆக்சிஜன் ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. சாக்கடை, ஊற்று நீர் மாதிரி விடை தந்தது. நான் பெருமையோடு அறிக்கை எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. "இந்தத் தண்ணீரை நீ குடிப்பாயா?" என்று மட்டும் கேட்டார். அன்றில் இருந்து எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் அது நடக்கக்கூடியதுதானா என்று யோசிக்கும் பழக்கம் வந்துவிட்டது.

ஆக்சிஜனை அளக்க இப்போது மின்முனை இருக்கிறது, தொட்டவுடன் எண் வரும். ஆனாலும் ரசாயனங்களை விட்டு நிறத்தைப் பார்த்து அளக்கும் பழைய விங்க்லர் முறையை ஒரு தரமாவது செய்துவிடுங்கள். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாக வீழ்படிவு வரும். அமிலம் விட்டால் பொன்மஞ்சள். மாவுக் கரைசல் விட்டால் கருநீலம். தையோசல்பேட் சொட்டச் சொட்ட ஒரே ஒரு துளியில் நீலம் மறைந்து பளிங்காகிவிடும். பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காகவே செய்யலாம்.

நாற்றம் தாங்க முடியுமா?

முடியும், அரை மணி நேரத்தில் மூக்கு பழகிவிடும். ஒழுங்காக நடக்கிற காற்றூட்டத் தொட்டி, மழை பெய்த மண் மாதிரிதான் வாடை அடிக்கும். நாறுகிறது என்றால் அங்கே ஏதோ ஒரு வேலை சரியாக நடக்கவில்லை.

ஆனால் மூக்கு பழகுவதில்தான் ஆபத்தும் இருக்கிறது. இதை மட்டும் விளையாட்டாகப் படிக்காதீர்கள். சாக்கடையில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடி, காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது அது மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். வாடை போய்விட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கும் நேரத்தில்தான் உயிர் போகும் அபாயம். அதற்கும் மேலே போனால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் சாய்வார். வாயுமானி இல்லாமல், வெளியே ஆள் நிற்காமல், இடுப்பில் கயிறு இல்லாமல் எந்த ஆள்குழிக்குள்ளும் தலையை நீட்டாதீர்கள். பயிற்சிக்குப் போன இடத்தில் மேலதிகாரி இறங்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

பெண் பிள்ளைக்கு இந்த வேலை சரிப்படுமா?

பெற்றோர்கள் கேட்பது. எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் என்ற வேதியியலாளரைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண், 1873-இல் பட்டம் பெற்றார். 1887-இல் தொடங்கி அந்த மாநிலத்தின் நீர்நிலைகளை எல்லாம் சோதித்த ஆய்வு அவருடைய ஆய்வகத்தில்தான் நடந்தது. கடலில் இருந்து தள்ளிப்போகப் போக தண்ணீரில் குளோரைடு இயல்பாகவே குறையும். எந்த இடத்தில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று வரைபடம் போட்டுவிட்டால், அதைவிட அதிகமாக இருக்கும் இடத்தில் மனிதக் கழிவு கலந்திருக்கிறது என்று பிடித்துவிடலாம். நம் சிறுநீரில் உப்பு இருக்கிறது அல்லவா, அதை வைத்து. எவ்வளவு எளிமையான யோசனை! துறையின் அடித்தளத்தில் ஒரு கல்லை வைத்தவரே பெண். உங்கள் மகளுக்குச் சரிப்படுமா என்பதை அவளிடம்தான் கேட்க வேண்டும்.

சிவில் படித்துவிட்டு மேற்படிப்பில் இதை எடுத்தால் போதாதா?

போதும். பல பேர் அப்படித்தான் வருகிறார்கள், இந்தத் துறையே சிவிலின் ஒரு கிளையாக, சுகாதாரப் பொறியியல் என்ற பெயரில்தான் பிறந்தது. தொட்டி கட்டவும் குழாய் பதிக்கவும் சிவில் ஆட்கள் திறமையாக இருப்பார்கள். தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதில்தான் தடுமாறுவார்கள். வேதிப் பொறியியல் படித்து வருகிறவர்களுக்கு நேர் எதிர். எந்தக் கிளையில் ஆர்வம் என்று இன்னும் தெளிவில்லாதவர்கள் சிவிலோ வேதிப் பொறியியலோ எடுத்துவிட்டு மேற்படிப்பில் வரட்டும். முதலிலேயே தெளிவாக இருக்கிறவர்கள் நேரடியாகச் சேரட்டும்.

என்ன மென்பொருள் கற்க வேண்டும்?

குழாய் வலைப்பின்னலுக்கு எபாநெட், மழைநீர் வடிகாலுக்கு ஸ்வம். இரண்டும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இலவசமாகத் தருபவை. வரைபட வேலைக்குக் கியூஜிஐஎஸ், அதுவும் இலவசம். பைத்தான் என்ற கணினி நிரல்மொழி கொஞ்சம் தெரிந்தால் பத்து வருட அளவீடுகளை ஒரே மாலையில் அலசிவிடலாம். எதையும் வகுப்பில் நடத்தும் வரை காத்திருக்காதீர்கள். ஆனால் மென்பொருள் தருகிற விடையைத் தாளில் தோராயமாகப் போட்டுச் சரிபார்க்கத் தெரியாவிட்டால் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. என் காற்றுக் குமிழிக் கதைதான் அங்கேயும்.

வேலை கிடைக்குமா?

கிடைக்கும். கணினித் துறை மாதிரி அள்ளிக் கொடுக்காது, அது மாதிரி ஒரே நாளில் ஆளைக் குறைக்கவும் செய்யாது. தண்ணீர் வாரியங்கள், உள்ளாட்சி அமைப்புகள், மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகங்கள், ஆலோசனை நிறுவனங்கள், சாயம், தோல், மருந்து, காகிதம் போன்ற ஆலைகள், சுத்திகரிப்புக் கருவிகள் செய்யும் நிறுவனங்கள் எல்லாவற்றிலும் இடமுண்டு. வடிவமைப்பு வேலைக்கே எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். என் கருத்து, முதல் இரண்டு வருடம் ஓடிக்கொண்டிருக்கும் நிலையம் ஒன்றில் ஆபரேட்டர்களோடு இருங்கள். நான் முதலில் வரைந்த தொட்டியில் ஒரு வால்வைத் திறக்க ஆள் மதில் மேல் ஏறி நிற்க வேண்டியிருந்தது. வரைபடத்தில் அது அழகாகத்தான் தெரிந்தது.

கம்பெனிகளுக்கு முட்டுக்கொடுக்கும் வேலை என்கிறார்களே?

அப்படியும் நடக்கிறது. மறைத்துப் பயனில்லை. பெரிய திட்டங்களுக்கு முன்னால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எழுத வேண்டும் என்ற நடைமுறை 1969-இல் அமெரிக்காவில் இயற்றிய சட்டத்தில் தொடங்கி உலகெங்கும் பரவியது. பல நாடுகளில் அந்த அறிக்கையை எழுதும் ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பவர் திட்டத்தைக் கொண்டுவருபவரே. அழுத்தம் இல்லாமல் இருக்குமா? ஆலையில் வேலை செய்தாலும் மாதிரி எடுக்கும் நாளன்று மட்டும் நல்ல தண்ணீரைக் கலந்து நீர்க்கச் செய்யச் சொல்லும் குரல் எங்காவது கேட்கும். மேலே போட்ட ஆற்றுக் கணக்கைத் தெரிந்தவருக்கு, நீர்க்கச் செய்வதால் ஒரு கிராம் அழுக்குகூடக் குறையவில்லை என்பது தெரியும். தெரிந்த பிறகு கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பது உங்கள் கையில்.

தீய எண்ணமே இல்லாமலும் கேடு வரும். அது இன்னும் கஷ்டமானது. வங்கதேசத்தில் குளத்து நீரால் வந்த வயிற்றுப்போக்கில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்ததால் 1970-களில் இருந்து லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். கிருமியில்லாத தண்ணீர் வந்தது. அதில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருக்கிறதா என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. இருந்தது, நிலத்தின் படிவிலேயே இருந்தது. கோடிக்கணக்கான மக்கள் அதைக் குடித்தார்கள்.

அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரமும் பாடமாக வரும். 2014-இல் செலவைக் குறைக்கத் தண்ணீர் எடுக்கும் இடத்தை அந்த ஊர் ஆற்றுக்கு மாற்றினார்கள். அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை. வீடுகளின் குடிதண்ணீரில் ஈயம் கலந்தது. அந்த ஈயம் ஆற்றில் இருந்து வரவில்லை, பழைய குழாய்களில் இருந்து கரைந்து வந்தது. சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலோடு கணக்கை முடித்தால் இதுதான் நடக்கும். அதை அம்பலப்படுத்தியவர்களில் ஊர் மக்களும், ஒரு குழந்தை மருத்துவரும், மார்க் எட்வர்ட்ஸ் என்ற பேராசிரியரும் இருந்தார்கள். எட்வர்ட்ஸ் இந்தத் துறைக்காரர்.

காலநிலை மாற்றத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. குப்பைமேட்டில் இருந்து மீத்தேன் வருகிறது. கழிவுநீர் நிலையத்தில் இருந்து நைட்ரஸ் ஆக்சைடு வருகிறது, அதன் வெப்பப்படுத்தும் திறன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 270 மடங்குக்கு மேல். காற்றை ஊதும் ஊதிகளே ஒரு நிலையத்தின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியைக் குடித்துவிடும். ஆற்றைக் காப்பாற்ற வானத்தைக் கெடுக்கிறோமா என்ற கேள்வி இப்போது எல்லா வடிவமைப்பிலும் வருகிறது.

எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்வது?

பெயரைச் சொல்ல மாட்டேன், பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். தரவரிசையைப் பார்ப்பதற்கு முன்னால் ஆய்வகத்தை நேரில் போய்ப் பாருங்கள். பிஓடி அடைகாப்புப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உள்ளே தேதி எழுதிய புட்டிகள் இருந்தால் நல்ல இடம். காலியாகவோ யாருடைய சாப்பாட்டு டப்பாவோடோ இருந்தால் யோசியுங்கள். இறுதி வருட மாணவர்களைத் தனியாகப் பிடித்து, கடைசியாக எப்போது களத்துக்குப் போனீர்கள் என்று கேளுங்கள். ஆசிரியர்களில் ஒருவராவது ஓடுகிற நிலையத்தில் வேலை பார்த்தவரா என்று விசாரியுங்கள்.

சேர்வதற்கு முன்னால் எனக்கு இது ஒத்துவருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஊர்ப் பக்கத்தில் உள்ள கழிவுநீர் நிலையத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள். முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள், ஆபரேட்டர்களுக்குத் தங்கள் வேலையைக் காட்டுவதில் பெரிய சந்தோஷம். நுழைவாயிலில் கந்தலும் பிளாஸ்டிக்கும் சிக்கியிருக்கும் கம்பிச் சல்லடையில் தொடங்கி, கடைசியில் தெளிந்த தண்ணீர் வழியும் இடம் வரை நடந்து பாருங்கள். நடுவில் ஒரு கண்ணாடிக் குடுவையில் பழுப்புத் தண்ணீரை மொண்டு தரச் சொல்லுங்கள். அரை மணி நேரம் வைத்தால் பழுப்பு அடியில் இறங்கும், மேலே தெளிவு நிற்கும். தினமும் காலையில் அவர்கள் செய்யும் சோதனையே அதுதான். இறங்குவதை நின்று பார்க்கத் தோன்றினால் விண்ணப்பத்தை நிரப்புங்கள். ஐந்து நிமிடத்தில் போனை எடுத்துவிட்டீர்கள் என்றால் வேறு துறை பாருங்கள், அதில் ஒன்றும் தப்பில்லை.

கிளம்பும்போது ஆபரேட்டரிடம், அடியில் இறங்கிய அந்தக் கசடு அப்புறம் எங்கே போகிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.